கண்ட கண்ணும் வரைந்த கையும்: குழந்தைகளுக்கான இயற்கைப் படநூல்களின் வரலாறு

குழந்தைகளுக்கான படநூல்களின் வரலாறு பெரும்பாலும் கதைகளின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. செடிகொடிகளையும் பறவைகளையும் விலங்குகளையும் குழந்தைக்குக் காட்டுவதற்கென்றே உருவான நூல்களைத் தனியே எடுத்து, அவற்றின் படங்கள் எவ்வாறு வரையப்பட்டன, எவ்வாறு தாளில் ஏறின என்று ஆராயும்போது அந்த வரலாறு வேறு வடிவம் கொள்கிறது. ஒரு பறவையின் படம் குழந்தையின் கைக்கு வந்து சேர்வதற்குள், அப்பறவையை நேரில் கண்டவர், அதை வரைந்தவர், வரைந்ததை மரத்திலோ செம்பிலோ செதுக்கியவர், அச்சான தாளில் வண்ணம் தீட்டியவர் எனப் பலர் அதைத் தொட்டுக் கடத்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு கைமாற்றத்திலும் உயிரின் இயல்பு சிறிது தேய்ந்தது. இந்தக் கைகளின் எண்ணிக்கை குறைந்து, கண்டவரே வரைந்து, வரைந்தவரே அச்சுப்பரப்பையும் உருவாக்கிய காலங்களில்தான் படநூல்கள் பெயர்களைக் கற்பிப்பதோடு நில்லாமல் பார்ப்பதையும் கற்பித்தன. பதினேழாம் நூற்றாண்டின் கோமேனியஸ் தொடங்கிச் சென்னையின் தாரா பதிப்பகம் வரையிலான மூன்றரை நூற்றாண்டு வரலாறு இந்த உண்மைக்குத் தொடர்ந்து சான்று தருகிறது.

எண்ணிட்ட உலகம்

மொராவியாவில் 1592இல் பிறந்த யான் அமோஸ் கோமேனியஸ், போராலும் சமய ஒடுக்குமுறையாலும் நாடு விட்டு நாடு அலைந்த கல்வியாளர். புலன்களின் வழியே முதலில் நுழையாத எதுவும் அறிவில் தங்குவதில்லை என்ற பழைய கொள்கையைப் பள்ளிப் பாடமுறையாக மாற்ற முனைந்த அவர், 'ஆர்பிஸ் சென்சுவாலியம் பிக்டஸ்' என்னும் நூலை 1658இல் ஜெர்மனியின் நூரெம்பெர்க் நகரில் வெளியிட்டார். புலன்களுக்கு எட்டும் உலகத்தைப் படங்களில் காட்டுவது என்பது அத்தலைப்பின் பொருள். லத்தீனும் ஜெர்மனும் அருகருகே அமைந்த அந்நூலின் 150 அதிகாரங்கள் நெருப்பு, காற்று, நீர், மேகம், உலோகம், மரம், பூ, பறவை, கால்நடை, மீன் என்று தொடர்ந்து மனிதரின் தொழில்கள் வரை விரிகின்றன. எழுத்துகளைக் கற்பிக்கும் தொடக்கப் பகுதியில்கூடக் காகம் கரைவதும் ஆட்டுக்குட்டி கத்துவதும் போன்ற உயிர்களின் ஒலிகளே எழுத்தொலிகளுக்கு அடையாளமாகக் கொடுக்கப்பட்டிருந்தன. படத்திலுள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் இடப்பட்டு, அதே எண் பாடத்திலுள்ள சொல்லின் அருகிலும் அச்சிடப்பட்டதால், குழந்தை சொல்லிலிருந்து படத்துக்கும் படத்திலிருந்து சொல்லுக்கும் தானாகவே போய்வர முடிந்தது. அடுத்த ஆண்டே சார்லஸ் ஹூல் அதை ஆங்கிலத்தில் வெளியிட்டார். ஐரோப்பியப் பள்ளிகளில் அது நூறாண்டுக்கும் மேலாக நிலைத்தது.

அந்நூலின் படங்கள் மரச்செதுக்குகள். பலகையில் வரைந்த கோடுகளை மட்டும் மேடாக விட்டுவிட்டு, எஞ்சிய மரத்தைச் செதுக்கி நீக்கி, மேட்டின் மேல் மை தடவி அச்சிடுவது மரச்செதுக்கு முறை. கத்தி மரத்தின் நார் ஓடும் திசைக்குக் கட்டுப்பட்டதால் மெல்லிய கோடு எளிதில் நிற்கவில்லை. இறகின் மென்மையும் மயிரின் அடர்த்தியும் அத்தகைய பலகையில் இடம்பெற முடியாத நிலையில், ஒரே படத்துக்குள் பல விலங்குகள் நெருக்கி நிறுத்தப்பட்டு, ஒவ்வொன்றும் அடையாளம் காண்பதற்குப் போதுமான அளவுக்கு மட்டும் வரையப்பட்டது. இயற்கையைக் குழந்தைக்குக் காட்ட வேண்டும் என்ற எண்ணத்தைக் கல்வியின் மையத்துக்குக் கொண்டுவந்தவர் கோமேனியஸ். ஆனால் அவர் கண்ட கனவைத் தாளில் இறக்கும் அளவுக்கு அக்கால அச்சுக்கலை வளர்ந்திருக்கவில்லை.

அந்தக் குறையைச் செப்புத்தகட்டால் நிரப்ப முயன்றவர் வைமார் நகரின் பதிப்பாளர் ஃபிரீட்ரிக் யுஸ்டின் பெர்டூக். 1790 முதல் 1830 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த அவருடைய 'குழந்தைகளுக்கான படநூல்' ஆயிரத்துக்கும் மேற்பட்ட படத்தாள்களைக் கொண்டது. செப்புத்தகட்டு முறையில் கோடுகள் தகட்டில் பள்ளமாகக் கீறப்பட்டு, அப்பள்ளங்களில் தங்கும் மையே அழுத்தத்தால் தாளுக்கு ஏறுவதால், நூலிழை போன்ற கோடுகளும் சாத்தியமாயின. குழந்தை இந்நூலை விளையாட்டுப் பொருளாகவே கையாள வேண்டும், படங்களுக்குத் தானே வண்ணம் தீட்டலாம், ஆசிரியரின் அனுமதியோடு வெட்டி அட்டையில் ஒட்டவும் செய்யலாம் என்று பெர்டூக் கருதினார். குழந்தை படத்தைப் பார்ப்பவளாக மட்டும் இராமல் படத்தில் கைவைப்பவளாகவும் இருக்க வேண்டும் என்ற இக்கருத்து அக்காலத்துக்குப் புதியது. எனினும் செப்புத்தகட்டை எழுத்துகளோடு சேர்த்து அச்சிட இயலாது. அதற்குத் தனி உருளை அச்சுப்பொறி வேண்டும். வண்ணமோ ஒவ்வொரு தாளிலும் கையால் தீட்டப்பட வேண்டும். ஆகவே நுட்பம் கூடியபோது விலையும் கூடி, அத்தகைய நூல் வசதி படைத்த வீடுகளுக்குரியதாகவே நின்றது.

நியூகாசிலின் செதுக்காளர்

இங்கிலாந்தின் வடகோடியில், நார்தம்பர்லாந்தின் செர்ரிபர்ன் பண்ணை வீட்டில் 1753இல் பிறந்த தாமஸ் பியூயிக், இவ்வரலாற்றின் திருப்புமுனை. பள்ளிப் பருவத்தில் புத்தக ஓரங்களில் இடமில்லாமல் போனபோது கல்லறைப் பலகைகளிலும் தேவாலய முகப்பின் தரையிலும் சுண்ணக்கட்டியால் வரைந்த அந்தச் சிறுவன், 1767இல் நியூகாசில் நகரின் செதுக்காளர் ரால்ஃப் பெயில்பியிடம் தொழில் பழகச் சேர்ந்தான். முந்நூறு விலங்குகளைப் பற்றி அக்காலச் சிறுவர்கள் படித்த ஒரு நூலின் படங்கள் தன்னைப் பள்ளி நாளிலேயே அதிருப்திக்கு உள்ளாக்கியதாகவும், அவற்றைவிடத் தன்னால் நன்றாக வரைய முடியும் என்று அப்போதே தோன்றியதாகவும் பிற்காலத்தில் பியூயிக் எழுதினார். 1790இல் வெளிவந்த 'நாற்கால் விலங்குகளின் பொது வரலாறு' அந்த அதிருப்தியிலிருந்து பிறந்த நூல்.

அவருடைய வெற்றிக்கு அடிப்படையான தொழில்நுட்பம் மிக எளிமையானது. பலகையின் நீளவாட்டுப் பரப்பை விட்டு, நெருக்கமான நார் கொண்ட பாக்ஸ் மரத்தைக் குறுக்கே அறுத்துக் கிடைக்கும் வெட்டுமுகத்தை அவர் பயன்படுத்தினார். அப்பரப்பில் நார் எத்திசையிலும் இழுக்காததால், செப்பில் வேலை செய்யும் கூரிய செதுக்குளியை மரத்திலும் விரும்பியபடி ஓட்ட முடிந்தது. கறுப்புப் பரப்பின் மேல் உளி போன வழியெல்லாம் வெண்கோடாக அச்சாகும் என்பதால், வரைந்த கோட்டைப் பாதுகாக்கும் வேலை நீங்கி, உளியாலேயே வரையும் வேலை தொடங்கியது. இருளிலிருந்து வெளிச்சத்தை எடுப்பது போன்ற இம்முறை இறகுகளின் அடுக்குகளுக்கும் ஈர மயிருக்கும் பனி மூடிய புல்லுக்கும் மிகப் பொருத்தமாக அமைந்தது. அம்மரக்கட்டை அச்செழுத்தின் உயரத்துக்கே அமைக்கப்பட்டதால் படமும் எழுத்தும் ஒரே அச்சுப்பொறியில் ஒரே நேரத்தில் அச்சாயின. செப்புத்தகட்டின் நுட்பமும் மரச்செதுக்கின் மலிவும் ஒரே பொருளில் கூடின.

தொழில்நுட்பத்தைவிட முக்கியமானது, அதைக் கையாண்டவர் நேரில் கண்டவராக இருந்தது. வெள்ளைக் காட்டுமாடுகளை வரைவதற்காகச் சில்லிங்ஹாம் பூங்காவுக்குச் சென்றுவந்த பியூயிக், தன் நாட்டு விலங்குகளை வரைந்த இடங்களில் உயிர்த் துடிப்பையும், வெளிநாட்டு விலங்குகளைப் பிறர் படங்களிலிருந்து எடுத்தாண்ட இடங்களில் விறைப்பையும் ஒரே நூலுக்குள் விட்டுச்சென்றார். கண்டு வரைவதற்கும் படியெடுத்து வரைவதற்கும் உள்ள வேறுபாட்டை அறிய அந்நூலின் பக்கங்களைப் புரட்டினாலே போதும். 1791இல் பறவை நூலுக்காக வைக்கிளிஃப் அருங்காட்சியகத்தில் பாடம் செய்து வைக்கப்பட்ட பறவைகளை வரைந்தபோது, பாடம் செய்தவரின் கை பறவையின் நிலையைக் கெடுத்துவிடுகிறது என்பதைக் கண்டுகொண்ட அவர், இயன்றவரை புதிதாகக் கிடைத்த பறவைகளையும் உயிருள்ளவற்றையும் நம்பினார். 'பிரிட்டிஷ் பறவைகளின் வரலாறு' நிலப்பறவைகள் தொகுதியாக 1797இலும் நீர்ப்பறவைகள் தொகுதியாக 1804இலும் வெளிவந்தது. ஒவ்வொரு பறவையும் தனக்குரிய வேலியோரம், பாறை, சேறு ஆகியவற்றோடு காட்டப்பட்டதால், உயிரும் அது வாழும் இடமும் பிரிக்க முடியாதவை என்பதை வாசகர் விளக்கம் ஏதுமின்றி உணர்ந்தனர். சார்லட் பிரான்டியின் 'ஜேன் அயர்' நாவல் 1847இல் வெளிவந்தபோது, அதன் தொடக்கத்திலேயே சிறுமி ஜேன் இப்பறவை நூலில் ஆழ்ந்திருப்பவளாகக் காட்டப்படும் அளவுக்கு அது ஆங்கிலேயக் குழந்தைகளின் வாசிப்பில் வேரூன்றியிருந்தது.

காளான்களிலிருந்து முயலுக்கு

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனி மரக்கட்டை செதுக்கி அச்சிட்ட எட்மண்ட் எவன்ஸ் போன்றோர் குழந்தை நூல்களுக்கு வண்ணத்தைக் கொண்டுவந்தனர். ஆனால் ஓவியருக்கும் தாளுக்கும் இடையே செதுக்காளர் மீண்டும் வந்து நின்றார். அந்த இடைவெளியை ஒளிப்பட முறை அகற்றியபோது அதன் பயனை முழுமையாகப் பெற்றவர் 1866இல் பிறந்த பியாட்ரிக்ஸ் பாட்டர்.

வீட்டிலேயே கல்வி கற்ற பாட்டர், தம்பி பெர்ட்ரமுடன் சேர்ந்து முயல், தவளை, பல்லி, வௌவால் ஆகியவற்றை வளர்த்தும், இறந்தவற்றின் எலும்புக்கூடுகளை எடுத்து ஆராய்ந்தும் வரையப் பழகினார். 1890களில் ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரைச் சேர்ந்த தபால்காரரும் இயற்கை ஆய்வாளருமான சார்லஸ் மெக்கின்டாஷின் வழிகாட்டுதலோடு அவர் வரைந்த காளான் படங்கள் நூற்றுக்கணக்கானவை. காளான் வித்துகள் முளைப்பதைப் பற்றிய அவருடைய கட்டுரை 1897 ஏப்ரலில் லண்டன் லின்னேயன் சங்கத்தில் படிக்கப்பட்டபோது, பெண்களுக்கு அங்கே அனுமதி இல்லாததால் ஜார்ஜ் மாஸ்ஸீ என்ற ஆய்வாளரே அதை முன்வைத்தார். அறிவியல் உலகம் திறக்காத கதவுக்கு வெளியே நின்ற அந்தக் கூரிய பார்வை குழந்தை நூலுக்குள் நுழைந்தது. 1893இல் நோயுற்ற ஒரு சிறுவனுக்குப் படங்களோடு எழுதிய கடிதம் 1901இல் தம் செலவில் 250 படிகளாக அச்சிட்ட சிறுநூலாகி, 1902இல் ஃபிரெடரிக் வார்ன் நிறுவனத்தின் வண்ணப் பதிப்பாக 'பீட்டர் முயலின் கதை' என்ற பெயரில் வெளிவந்தது.

அந்த வண்ணப் பதிப்பு மூவண்ண ஒளிப்பட முறையில் உருவானது. நீர்வண்ண ஓவியத்தை வண்ண வடிகட்டிகளின் வழியே மூன்று முறை ஒளிப்படம் எடுத்து, மஞ்சள், சிவப்பு, நீலம் என்ற மூன்று தகடுகளாகப் பிரித்து, நுண்புள்ளிகளாக ஒன்றன்மேல் ஒன்று அச்சிடுவதால், ஓவியரின் தூரிகைத் தடம் வேறொருவரின் விளக்கத்துக்கு உட்படாமல் தாளுக்கு வந்தது. பாட்டரின் விலங்குகள் சட்டை அணிந்து பேசுகின்றன. ஆயினும் சட்டைக்கு அடியில் இருப்பது உண்மையான முயலின் எலும்பும் தசையும்தான். 1906இல் வெளிவந்த ஜெரமி ஃபிஷர் என்னும் தவளையின் கதையில் தவளை உட்காரும் விதமும் நீரில் கால் உதைக்கும் விதமும் இயற்கை ஆய்வாளரின் குறிப்பேட்டிலிருந்து வந்தவை. அவருடைய காளான் படங்கள் பல 1967இல் காளான் இனங்களை அறிவதற்கான ஒரு கையேட்டில் இடம்பெற்றன. ஒரே கை குழந்தைக்கும் அறிவியலுக்கும் வரைய முடிந்தது, இரண்டுக்கும் ஒரே அளவு கவனத்தை அது கொடுத்ததால்தான்.

கல்லில் வரைந்தவர்கள்

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இயற்கைப் படநூலை எளிய வீடுகளுக்குக் கொண்டுசேர்த்த பெருமை கல்லச்சுக்கு உரியது. 1790களின் இறுதியில் அலோய்ஸ் செனஃபெல்டர் பவேரியாவில் கண்டறிந்த இம்முறை, எண்ணெய்ப் பசையும் நீரும் ஒன்றையொன்று விலக்கும் என்ற இயல்பை அடிப்படையாகக் கொண்டது. சுண்ணாம்புக்கல்லின் மேல் பசைமிக்க கரிக்கோலால் வரைந்து, கல்லை நனைத்து, மை உருட்டினால், மை வரைந்த இடத்தில் மட்டும் ஒட்டும். நனைந்த வெற்றிடத்தில் ஒட்டாது. செதுக்கலோ கீறலோ இதில் இல்லை. வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு கல் அல்லது துத்தநாகத் தகடு என்று ஓவியரே நேரடியாக வரைந்துவிட்டால், அச்சாகும் ஒவ்வொரு படியும் மூலப்படமே ஆகிவிடுகிறது. இலையின் பச்சையை மஞ்சளாகவும் நீலமாகவும் மனத்தில் பிரித்து இரண்டு பரப்புகளில் தனித்தனியே வரைய வேண்டியிருந்ததால், இம்முறை ஓவியரையே ஒருமுறைக்கு இருமுறை பொருளைப் பார்க்க வைத்தது.

1920களின் லெனின்கிராடில் விளாதிமிர் லெபெதெவின் கலை நெறியாள்கையில் உருவான சோவியத் குழந்தை நூல்கள் இவ்வாறே அச்சாயின. மெல்லிய அட்டையும் குறைந்த விலையும் பெரும் அச்சு எண்ணிக்கையும் கொண்ட அந்நூல்களுக்காக ஓவியர்கள் அச்சகத்துக்கே சென்று வேலை செய்தனர். 1901இல் வியாட்காவில் பிறந்த எவ்கேனி சாருஷின், புறக்கோடு இடாமல் கரிக்கோலின் சொரசொரப்பாலேயே கரடிக்குட்டியின் மயிரையும் ஓநாய்க்குட்டியின் திகைப்பையும் வரைந்துகாட்டினார். அதே முறையைப் பாரிசில் கையாண்டவர்களில் ஒருவர் புலம்பெயர்ந்த ரஷ்ய ஓவியர் ஃபியோதர் ரோஜான்கோவ்ஸ்கி. பிரெஞ்சுக் கல்வியாளர் போல் ஃபோஷே 1931இல் ஃப்ளமாரியோன் பதிப்பகத்தில் தொடங்கிய 'பேர் காஸ்தோர்' வரிசையில், அணில், முயல், காட்டுவாத்து, கடல்நாய், முள்ளெலி என ஒவ்வோர் உயிரின் வாழ்வையும் பருவங்களோடு பிணைத்துக் காட்டிய நூல்களுக்கு அவர் கல்லச்சில் படம் வரைந்தார். எழுதியவர் ஃபோஷேயின் துணைவியார் லிடா. அவ்வரிசையின் ஆவணங்கள் 2017இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்க்கப்பட்டன.

இவ்விரு மரபுகளையும் கண்டறிந்த நோயல் கேரிங்டன், பெங்குவின் நிறுவனர் ஆலன் லேனை இணங்கவைத்து 1940இல் பஃபின் படநூல் வரிசையைத் தொடங்கினார். ஒரே பெருந்தாளின் ஒரு புறம் பல வண்ணத்திலும் மறுபுறம் கறுப்பிலும் அச்சிட்டு மடித்தால் 32 பக்கம் கிடைக்கும் என்ற கணக்கே அவ்வரிசையின் விலையை ஆறு பென்சுக்குள் வைத்தது. நகரங்களின் மேல் குண்டு விழுந்த ஆண்டுகளில், கிராமங்களுக்கு அனுப்பப்பட்ட நகரத்துக் குழந்தைகள் முதன்முறையாக வயலையும் வேலியையும் குளத்தையும் கண்டபோது, அவற்றை விளக்கும் நூல்களாக இவை அமைந்தன. எஸ். ஆர். பேட்மின் வரைந்த பிரிட்டன் மரங்களைப் பற்றிய நூல் மரத்தின் முழு உருவத்தையும் அது வளரும் நிலத்தையும் சேர்த்தே காட்டியது. 1965 வரை சுமார் 120 தலைப்புகள் வெளிவந்த அவ்வரிசை, நல்ல படம் மலிவாக இருக்க முடியாது என்ற பதிப்புலக நம்பிக்கையை உடைத்தது.

வளர்ச்சியின் விதியும் மீனின் கற்பனையும்

இரண்டாம் உலகப் போருக்குப் பின்வந்த தலைமுறை, இயற்கையைச் சரியாகக் காட்டுவதிலிருந்து, பார்வை என்பதே எவ்வாறு செயல்படுகிறது என்ற கேள்விக்கு நகர்ந்தது. இத்தாலியக் கலைஞர் புரூனோ முனாரி 1978இல் வெளியிட்ட 'ஒரு மரத்தை வரைதல்' என்னும் நூல், பார்த்துப் படியெடுக்க ஒரு மரத்தையும் தரவில்லை. தண்டு கிளையாகப் பிரியும், ஒவ்வொரு கிளையும் தான் பிரிந்த கிளையைவிட மெலிந்திருக்கும் என்ற ஒரே விதியைத் தந்து, காற்றும் பனியும் மண்ணும் அவ்விதியை எவ்வாறெல்லாம் வளைக்கின்றன என்று காட்டி, எண்ணற்ற மரங்களை வரையும் உரிமையைக் குழந்தையிடம் ஒப்படைத்தது. கிளைகளின் மொத்தப் பருமன் தண்டின் பருமனுக்கு ஈடாகும் என்று லியோனார்டோ டா வின்சி குறித்துவைத்த அவதானிப்பின் தொடர்ச்சியாகவும் அதைக் கொள்ளலாம். வரையக் கற்கும் குழந்தை இங்கே வளர்ச்சியின் தர்க்கத்தையும் கற்கிறது. அதன் பின் தெருவில் நிற்கும் மரம் வெறும் பச்சைத் திரளாக அதற்குத் தெரிவதில்லை.

பார்வை பற்றிய அதே கேள்வியைக் கதையாக்கிய லியோ லியோனியின் 'மீன் மீன்தான்' 1970இல் வெளிவந்தது. தவளையாகி நிலத்துக்குச் சென்று திரும்பிய நண்பன் விவரித்த பறவையையும் பசுவையும் மனிதரையும் குளத்து மீன் கற்பனை செய்யும்போது, பறவை சிறகுள்ள மீனாகவும் பசு மடியுள்ள மீனாகவும் மனிதர் உடையணிந்த மீன்களாகவும் அதன் மனத்தில் உருக்கொள்கின்றனர். காண்பவர் தம் உடலையும் வாழிடத்தையும் கொண்டே பிறவற்றைக் காண்கிறார் என்ற கடினமான மெய்யியல் உண்மையைப் படங்களாலேயே நிறுவிய நூல் அது.

தமிழ்நாட்டுக்கு வந்த காடுகள்

வண்ணத் தகடுகளை எல்லா மொழிகளுக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, எழுத்துக்குரிய கறுப்புத் தகட்டை மட்டும் மாற்றி அச்சிடும் வழக்கம் பல மொழிப் பதிப்புகளின் செலவைப் பெரிதும் குறைத்தது. மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகா பதிப்பகமும் வெளியிட்ட தமிழ்க் குழந்தை நூல்கள் 1951இல் தொடங்கப்பட்ட நியூ செஞ்சுரி புத்தக நிலையத்தின் வழியே குறைந்த விலையில் தமிழ்நாடெங்கும் பரவி, பிர்ச் மரங்களையும் பழுப்புக் கரடிகளையும் பனி மூடிய காடுகளையும் வெயில் நாட்டுக் குழந்தைகளுக்கு அறிமுகம் செய்தன. 1957இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், தன் நேரு பால புஸ்தகாலய வரிசையில் இந்தியக் காடுகளையும் உயிர்களையும் பல இந்திய மொழிகளில் கொண்டுவந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்து மாஸ்கோ நூல்களின் வரத்து நின்றபோது, ஒரு தலைமுறையின் கண்ணைப் பழக்கிய படங்களின் ஊற்று அடைபட்டது.

1994இல் கீதா வுல்ஃப் சென்னையில் நிறுவிய தாரா பதிப்பகம், கையும் தாளும் நெருங்கும் மரபைப் புதிதாகத் தொடங்கியது. அதன் கைவினை நூல்கள் திரையச்சு முறையில் உருவாகின்றன: சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலையில், படத்துக்கு வேண்டிய இடத்தை மட்டும் திறந்துவைத்து, ரப்பர் பட்டையால் மையைத் தள்ளித் தாளில் இறக்குவார்கள், வண்ணம் ஒவ்வொன்றுக்கும் ஒரு திரை, ஒரு முறை அச்சு, ஒரு முறை உலர்த்தல். துர்கா பாய், பஜ்ஜு ஷ்யாம், ராம் சிங் உர்வேதி ஆகிய மூன்று கோண்டு ஓவியர்கள் வரைந்து 2006இல் வெளிவந்த 'மரங்களின் இரவு வாழ்க்கை' கறுப்புக் கைத்தாளில் இவ்வாறு அச்சிடப்பட்டு, 2008இல் பொலோனியா குழந்தை நூல் சந்தையின் ரகாட்சி விருதைப் பெற்றது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு மக்கள் மண்சுவரிலும் தரையிலும் வரைந்துவந்த கோலங்களிலிருந்து, பட்டன்கர் கிராமத்து ஜன்கட் சிங் ஷ்யாம் 1980களில் தாளுக்கும் துணிக்கும் கொண்டுவந்த ஓவிய முறையின் வாரிசுகள் இவர்கள். நிழலும் உணவும் தந்து பகலெல்லாம் உழைக்கும் மரங்களின் உண்மை உருவம் இரவில்தான் வெளிப்படும் என்ற கோண்டு நம்பிக்கை, அறிவியல் படத்தின் துல்லியத்துக்கு மாற்றாக, மரத்தோடு தலைமுறைகளாக வாழ்ந்தவரின் நெருக்கத்தை முன்வைக்கிறது.

அதே பஜ்ஜு ஷ்யாம் 2004இல் வெளிவந்த 'லண்டன் காட்டுப் புத்தகம்' என்னும் நூலில், லண்டன் கடிகாரக் கோபுரத்தைச் சேவலாகவும் நிலத்தடி ரயிலை மண்புழுவாகவும் வரைந்தபோது, லியோனியின் மீன் செய்த வேலையைத் தன்னுணர்வோடு செய்து, நகரத்தையே காட்டின் கண்ணால் காட்டினார். மூன்று நூற்றாண்டுகளாக ஐரோப்பியர் வகுத்த பார்வையை வாங்கிக்கொண்டிருந்த படநூல், இங்கே அப்பார்வைக்குத் தன் பதிலைத் திருப்பித் தந்தது.

இன்று கணினியில் வரைந்த படம் இடைப்பட்ட எந்தக் கையையும் கடக்காமல் அச்சுக்குப் போகிறது. கோமேனியஸ் காலம் முதல் அச்சுக்கலை குறைக்க முயன்ற தொலைவு தொழில்நுட்ப அளவில் முற்றிலும் மறைந்துவிட்டது. ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஒளிப்படத்தைப் பார்த்து, ஒருபோதும் நேரில் காணாத பறவையை வரைவது இன்று எளிதாகிவிட்டதால், பியூயிக்கின் வெளிநாட்டு விலங்குகளில் தென்பட்ட அதே விறைப்பு வேறு உருவில் திரும்பி வருகிறது. உளியும் கல்லும் திரையும் ஓவியரைப் பொருளின் முன் நெடுநேரம் நிறுத்திவைத்தன. அந்த நேரத்தை இனிப் பதிப்பாளர்தான் திட்டமிட்டுக் கொடுக்க வேண்டும். பனையையும் கொக்கையும் தூக்கணாங்குருவிக் கூட்டையும் வரையும் தமிழ் ஓவியருக்கு ஒரு பருவம் முழுவதும் ஏரிக்கரையில் இருந்து பார்க்கும் அவகாசமும் அதற்குரிய ஊதியமும் கிடைக்குமானால், குழந்தை அந்நூலை மூடிவிட்டு வெளியே சென்று தானும் பார்க்கும், தானும் வரையும். இயற்கைப் படநூலின் வெற்றியை அளக்க இதைவிட நேர்மையான அளவுகோல் இல்லை.